கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஜிபிஎஸ்

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக லிஃப்ட் மெக்கானிக் தன் பெண்டாட்டியின் மேல் குற்றப்பத்திரிகை வாசிக்க ஆரம்பித்துவிட்டான். சைக்கிள் கடைக்காரர் கேட்டதென்னவோ ஒரே ஒரு கேள்விதான். ஜிபிஎஸ் உங்களுக்கா, அவங்களுக்கா?

"இவளுக்குத்தாண்ணே. எங்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பேரும் காட்டுப் பாதையில ஓட்டுறோம். பாதை பிரியுற எடத்துலல்லாம் இவ வர்ற வரைக்கும் நான் தேவுடு காக்கணும். ஒரு சுத்துல பதினோரு பிரிவு. என் சராசரி வேகம் என்னத்துக்கு ஆகும், நீங்களே சொல்லுங்க."

கடைக்காரர் சிரித்தார். வாங்க வந்தவன் சொன்னால் சிரிக்கத்தானே வேண்டும்.

அவள் பக்கத்தில்தான் நின்றாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. யார் கையை நீட்டினாலும் தொட்ட மாத்திரத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள்; காட்டுக்குள் விட்டால் மட்டும் திக்குத் திசை தெரியாது. அதை அவளே ஒத்துக்கொள்வாள். ஆனால் அந்தப் பதினோரு நிறுத்தங்களைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

வாரம் முழுக்க அந்த மனுஷன் வீட்டில் பேசுவது என்று பார்த்தால் ஒரு கைக்குள் அடங்கிவிடும். காலையில் டூல் பையைத் தூக்கினால் போயிற்று. சாயங்காலம் வந்தால் போனுக்குள் தலையை விட்டுக்கொள்வான். பாதை பிரியும் இடத்தில் மட்டும் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்பான். அவள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டுவான். "செயின் சத்தம் போடுது, எண்ணெய் விடு" என்பான். "மேட்டுக்கு முன்னாடியே கியரை எறக்கு, எத்தனை வாட்டி சொல்றது" என்பான். அவ்வளவுதான். திட்டுதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அவள் முகத்தைப் பார்த்துத் திட்டுவான். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் மிச்சமிருந்தது அந்தப் பதினோரு நிறுத்தம்தான். ஜிபிஎஸ் வந்தால் அதுவும் போகும்.

அதனால் எதை எடுத்துக் காட்டினாலும் நொட்டை சொல்வதென்று முடிவு கட்டிக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள்.

முதல் பெட்டியைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். "வெயில்ல தெரியாது" என்றாள். அவர் அதை வாசலுக்கே கொண்டுபோய் வெயிலில் பிடித்துக் காட்டினார். பளிச்சென்று தெரிந்தது. அடுத்தது தொடுதிரை. "கையுறை போட்டிருப்பேன், வெரல் படாது" என்றாள். உடனே பட்டன் வைத்தது ஒன்று வந்தது. "குலுங்குற பாதைல கழண்டு விழுந்துடும்." கடைக்காரர் அதை ஒரு ஹேண்டில் கம்பியில் மாட்டி, கம்பியைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினார். அது கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. நல்ல வியாபாரி, அன்றைக்கு அவள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

"இது முழு மேப்பும் உள்ளேயே வெச்சிருக்கும் மேடம். சிக்னலே வேணாம். பிரிவுக்கு அம்பது அடி முன்னாடி பீப்னு சத்தம் குடுக்கும். பச்சக் கொழந்தை கூட வழி தவறாது."

"பாத்தியா" என்றான் மெக்கானிக். "இனிமே எனக்கு விடுதலை."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே டயர் அடுக்கியிருந்த பக்கம் போய்விட்டான். அவள் கடைக்காரர் எதிரில் அழக்கூடாதே என்று குனிந்தாள். குனிந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்ன ஜிபிஎஸ், தூசி படிந்து கிடந்தது.

"இது?"

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அது காட்சிக்கு வெச்சது மேடம். ரெண்டு வருஷமா இங்கயே கெடக்கு. மேப் கிடையாது, வெறும் கோடுதான் காட்டும். பேட்டரியும் ஒரு மணி நேரம் தாங்கினா அதிகம். காட்டுக்கெல்லாம் ஆவாது."

அவளுக்குப் பொறி தட்டியது அப்போதுதான். காட்டு நடுவில் இது கண்ணை மூடட்டும். அவள் பாட்டுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். அவன் தேடிக்கொண்டு திரும்பி வருவான், என்னத்தை வாங்கித் தொலைத்தாய் என்று வாய்க்கு வந்தபடி திட்டுவான், அடுத்த வாரத்திலிருந்து பழையபடி நிற்பான். ஊசி பிடிக்கிற கைக்குப் புத்தி மட்டும் ஏன் இப்படிப் போயிற்றோ தெரியவில்லை.

"இதையே குடுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அதில் பாதைக் கோட்டை ஏற்றிக் கொடுத்தவன் அவன்தான். "கோட்டைப் பிடிச்சுக்கிட்டே வா. நான் எங்கயும் நிக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்று மிதித்துக்கொண்டு போனான். முதல் பிரிவில் அவன் இல்லை. இரண்டாவதில் இல்லை. நான்காவதில் திரை ஒரு தடவை மினுங்கி அணைந்தது. சொன்னால் வெட்கக்கேடு, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, அவன் வரும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்தபடி உட்கார்ந்தாள்.

அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. தண்ணீர் தீர்ந்தது. போனில் சிக்னல் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவள் மண்டையில் உறைத்தது: அவன் வரப்போவதில்லை.

அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. வலது பக்கம் போனாள். பாதை ஒரு முள்ளுக்காட்டில் போய் முடிந்தது. திரும்பி வரும்போது சறுக்கி விழுந்து முழங்காலில் தோல் பெயர்ந்தது. இடது பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். விறகு ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் கை காட்டிய திசையில் போய், ஒருவழியாகத் தார் ரோட்டைக் கண்டபோது மணி மூன்று. அங்கே போனுக்கு உயிர் வந்தது. நின்று பார்த்தாள். எத்தனை தடவை கூப்பிட்டிருப்பான், பாவம், என்று நினைத்துக்கொண்டுதான் பார்த்தாள். ஒரு அழைப்பு கூட இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அவன் குளித்து, சாப்பிட்டு, சோபாவில் சாய்ந்து தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சராசரி பதினெட்டு புள்ளி நாலு" என்றான், தலையைத் தூக்காமல். "இத்தனை வருஷத்துல இதான் அதிகம். நிக்காம போனா எவ்வளவு வித்தியாசம் பாரு."

அவள் வழி நெடுக ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். அதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. "அது நாலாவது பிரிவுலயே செத்துப்போச்சுங்க. அதுக்கப்புறம் வழியே தெரியல."

இப்போது அவன் நிமிர்ந்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அப்ப மிச்ச வழியெல்லாம் எப்படி வந்த?"

"தேடித் தேடித்தான் வந்தேன்."

"அது இல்லாமலேயா?"

"ஆமா."

அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

"அடிப்பாவி, அப்ப உனக்கு ஜிபிஎஸ்ஸே வேணாமே. இது தெரியாம நான் பன்னெண்டு வருஷமா நின்னுக்கிட்டு இருந்திருக்கேன் பாரு. அதைக் கழட்டிக் குடு, நாளைக்கே கடையில குடுத்து மாத்திடலாம். என் சைக்கிள் பின் டயர் வேற தேஞ்சு கெடக்கு."

முழங்காலிலிருந்து ரத்தம் காலுறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வாசலுக்குப் போய், ஹேண்டிலிலிருந்து அதைக் கழற்றி, கையுறையால் தூசியைத் துடைத்துக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தாள்.