றமீஸா செய்த தள்ளு எஞ்சின்

என் நெஞ்சுக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்த டொக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு வார்த்தை சொல்லி என் பிழைப்பிலேயே கை வைத்துவிட்டார். சமதரையில் சைக்கிள் ஓட்டலாம், அது உடம்புக்கு நல்லது. ஏற்றத்தில் மிதிக்கவும் கூடாது, இறங்கித் தள்ளவும் கூடாது என்றார். உக்குவளையில் சமதரை எங்கே இருக்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது. ரயில் பாதையைத் தவிர மற்றதெல்லாம் ஒன்று ஏறும், இல்லாவிட்டால் இறங்கும்.

நான் மீன் வியாபாரி, பெயர் நளீம். காலையில் சந்திக்கு வருகிற லொறியில் மீன் எடுத்து, சைக்கிள் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, மேட்டுத் தெருக்களில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவேன். யார் வீட்டில் சாளை, யார் வீட்டில் பாரை, யாருக்குத் தலை வேண்டும், யார் வீட்டுப் பூனைக்கு வால் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு வாசலிலும் நாலு வார்த்தை பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

என் மனைவி றமீஸா வீட்டில் தையல் வேலை செய்கிறவள். எங்கள் வீடு ஒரு செங்குத்தான கொங்கிரீட் பாதையின் உச்சியில் இருக்கிறது. அவளுடைய மெஷின் ஜன்னலோரம். அங்கே உட்கார்ந்தால் ஏற்றம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும், யாரும் அவளுக்குத் தெரியாமல் வீடு வந்து சேர முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாளில், டொக்டருக்கு என்ன தெரியும் என்று நான் மீன் ஏற்றிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாதி ஏற்றம் வந்ததும் நெஞ்சை அடைத்தது. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலில் றமீஸா. அன்று அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பியிருப்பேன்.

"இஞ்ச பாருங்க," என்றாள் தேத்தண்ணியை வைத்துவிட்டு. "மாத்தளையில எங்கட காக்காட கடையில கல்லாவுல இருங்க. அவர் எப்பவும் கூப்பிட்டுட்டுத்தான் ஈக்கிறார்."

"கல்லாவுல இருக்கிறத விட மையவாடிக் குழியில படுத்துக்கலாம்," என்றேன். அவளுடைய அண்ணன் நல்லவர்தான், ஆனால் கல்லாவில் இருந்தால் வாசல் வாசலாகப் போய்ப் பேச முடியாதே.

"அப்ப ஏத்தத்துல ஒங்கள பின்னால இருந்து தள்ள ஏதாச்சும் வேணும்," என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

பேச்சுக்குச் சொன்னாள் என்றுதான் நினைத்தேன். றமீஸா பேச்சுக்கு எதையும் சொல்கிறவள் இல்லை என்பதை இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் நான் மறந்துபோனேன். அடுத்த கிழமை நாலந்தாவில் மிளகாய்த் தோட்டம் செய்கிற என் தங்கை மாப்பிள்ளை ஒரு பழைய தண்ணி மோட்டரைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினான். பம்ப் வெடித்துப் போனது, ஆனால் பெற்றோல் எஞ்சின் இன்னும் ஓடும். கேட்டு வாங்கியது என் மனைவி.

அதைச் சைக்கிளிலேயே பூட்டிவிடுவாள் என்று பயந்தேன். அவள் தலையை ஆட்டினாள். "ஒங்கட பைசிக்கிள்ல நான் ஒரு ஓட்டையும் போட மாட்டேன். பின்னால ஒத்த சில்லு வெச்சு ஒரு வண்டி. எஞ்சின் அதுல ஈக்கிம். மேட்டுல அது தள்ளட்டும். பள்ளத்துல அது சும்மா வரட்டும். வேணாம்னா கழட்டி வெச்சிட்டுப் போங்க."

ஏற்றத்தின் அடியில் வெல்டிங் கடை வைத்திருக்கிற இத்ரூஸ் என் கூட்டாளி. அவள் பிரவுன் பேப்பரில் சட்டைக்கு வெட்டுகிற மாதிரி அளவு வெட்டிக்கொண்டு போய் அவன் மேசையில் விரித்தாள். அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எஞ்சின் வேகமாகச் சுற்றும், சில்லு மெதுவாகப் பலமாகச் சுற்ற வேண்டும். அதற்கு எஞ்சினில் சின்ன உருளையும் சில்லில் பெரிய உருளையும் வேண்டும். இத்ரூஸ் பெரிய உருளைக்குக் கண்டிவரை போய்த் தேடலாம் என்றான். றமீஸா வீட்டுக்கு வந்து, மகள் ஆதிபா சின்ன வயதில் ஓட்டிய சைக்கிளைக் கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து இழுத்தெடுத்தாள். டயரைக் கழற்றி, வெறும் ரிம்மை ஒரு பழைய ஸ்கூட்டர் சில்லோடு சேர்த்துப் பூட்டச் சொன்னாள். டயர் உட்கார்ந்த அந்தப் பள்ளத்தில் பெல்ட் அளவெடுத்துத் தைத்தது போல் உட்கார்ந்தது. இத்ரூஸ் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பெல்ட்டைத் தளர்த்தி இறுக்க ஒரு சின்ன உருளை, அதிலிருந்து ஹேண்டிலுக்கு ஒரு பிரேக் கம்பி. பிடியை அமுக்கினால் பெல்ட் இறுகி வண்டி தள்ளும். விட்டால் பெல்ட் தளர்ந்து எஞ்சின் சும்மா ஓடும். "பயந்து போனா மனுசன் கைய விட்டுருவான்," என்றாள். "விட்டா நிக்கணும். அதான் நல்லது."

முதல் ஓட்டத்தில் நான் தெருவோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தேன். வண்டியைச் சைக்கிளோடு இணைக்கிற கொழுவி கேரியரில் உயரத்தில் இருந்தது. வளைவில் அது என் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டது. நாங்கள் தாத்தா என்று அழைக்கிற பக்கத்து வீட்டு அக்கா ஸுபைதா சிரித்த சிரிப்பில் எங்கள் தெருவுக்கே செய்தி போய்விட்டது. றமீஸா என் முழங்காலில் மருந்து போட்ட கையோடு கொழுவியைக் கீழே, பின் சில்லின் அச்சுக்குப் பக்கத்தில் இறக்கினாள். மீன் பெட்டியையும் சைக்கிளிலிருந்து எடுத்துத் தள்ளுவண்டியின் மேல் வைத்துவிட்டாள்.

இரண்டாம் முறை பிஸ்மில்லாஹ் சொல்லிப் பிடியை அமுக்கினேன். முதுகுக்குக் கீழே யாரோ உள்ளங்கையை வைத்து, போங்க என்று சொல்வது போல் இருந்தது. நான் மிதிக்கவே இல்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த இடத்தை, மீன் பெட்டி நிறைந்தபடி, ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்தேன். எனக்கு அழுகை வந்தது. அதை எஞ்சின் புகையின் மேல் போட்டுவிட்டேன்.

வியாபாரத்துக்குப் புறப்பட்ட அன்று வாசலில் நிறுத்தி என்னிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாள். "இது தள்ளுற வரைக்கும் போங்க. என்னைக்காவது நீங்க எறங்கி இத தள்ளுறத என்ட கண்ணால பாத்தேன், அடுத்த நாள் காக்காட கடை. சரியா?"

"சரி."

"அல்லாஹ்வுக்காகச் செல்லுங்க."

அல்லாஹ்வின் பேரால் சொன்னேன். அவள் ஜன்னல் இருக்கிற இடம் எனக்குத் தெரியாதா என்ன.

அவ்வளவு ஏற்றமில்லாத மெயின் ரோட்டில் எஞ்சினை நிறுத்திவிட்டு மிதிப்பேன். பொலிஸ்காரருக்கு எதற்கு வீண் வேலை. மேட்டுத் தெருக்கள் வந்ததும் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவேன். சத்தத்தில் ஹோர்னே தேவைப்படவில்லை. பல்லேபொலப் பக்கமிருந்து வந்த ஒருவர் நடுத்தெருவில் குனிந்து ரிம்மையும் பெல்ட்டையும் பார்த்துவிட்டு, எந்தப் பட்டறையில் செய்தது என்று கேட்டார். என் வீட்டுப் பட்டறை என்றேன். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்பது றமீஸாவுக்குத் தெரியாது.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. லொறியில் நல்ல பாரை. வானம் மூட்டமாக இருந்ததால் சனம் வீட்டிலேயே இருந்தது. கடைசித் தெருவுக்குப் போகுமுன் பெட்டி காலி. மீன் இல்லை, ஐஸையும் கொட்டிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு ஒரு மீன் மிச்சமில்லாமல் விற்றது அன்றுதான். பாட்டுப் பாடிக்கொண்டு எங்கள் ஏற்றத்தடிக்கு வந்தேன். மழை பிடித்துக்கொண்டது.

பிடியை அமுக்கினேன். எஞ்சின் உறுமியது, சில்லு சுற்றியது, சைக்கிள் நகரவில்லை. விட்டு அமுக்கினேன். நனைந்த கொங்கிரீட்டில் சில்லு நின்ற இடத்திலேயே வழுக்கிக்கொண்டு சுற்றியது. ரப்பர் வாடை வந்தது. பெல்ட்டைப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. நேற்று இதே ஏற்றத்தில் பாதிப் பெட்டி மீனோடு ஏறிய வண்டி, இன்று வெறும் பெட்டியோடு ஏறமாட்டேன் என்கிறது. பாரம் குறைந்தால் சுகமாக ஏற வேண்டாமா? எனக்கு மூளை ஓடவில்லை.

இத்ரூஸின் கடை ஞாயிறு பூட்டு. இறங்கி ஹேண்டிலில் இரண்டு கையையும் வைத்தேன். தள்ளிவிட்டால் ஐந்து நிமிட வேலை. மேலே பார்த்தேன். ஜன்னலில் யாரும் இல்லை. நெஞ்சு இப்போதே அடிக்கத் தொடங்கியிருந்தது, ஏற்றத்தால் அல்ல. கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுக்கிற என்னை நானே பார்த்தேன். கையை எடுத்துவிட்டு மழையில் நின்றேன்.

குடையோடு றமீஸா இறங்கி வந்துகொண்டிருந்தாள். என் காலம் முடிந்தது என்று நினைத்தேன்.

"நான் தள்ளல்ல," என்றேன், அவள் கேட்குமுன்.

"பாத்தேன். ஏறி ஒக்காந்து பிடிய அமுக்குங்க."

அமுக்கினேன். சில்லு சும்மா சுற்றியது. அவள் குனிந்து பார்த்தாள், பிறகு பெட்டி மூடியைத் திறந்தாள்.

"எல்லாம் வித்தாச்சா?"

"எல்லாம்."

மூடியைப் போட்டு அதன் மேல் ஒரு கையை வைத்து அழுத்தினாள். சில்லு கொங்கிரீட்டைக் கவ்வியது. சைக்கிள் ஒரு முழம் முன்னால் துள்ளியது. கையை எடுத்தாள், நின்றுவிட்டது.

"நானும் ஒரு தையல்காரி," என்று தன்னையே திட்டிக்கொண்டாள். "மெஷின்ட கால எறக்காம தைச்சா என்ன நடக்கும்? கீழ பல்லு அது பாட்டுக்கு ஓடும், துணி நின்ன எடத்துலயே நிக்கும். மேல அமுக்குறதுக்கு ஒன்னு வேணும். இத்தன நாளும் ஒங்கட மீன்தான் அமுக்கியிருக்கு. மணல் போட ஒரு பை தைக்கணும்."

"இப்ப மணலுக்கு எங்க போறது?"

அவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து, மீன் வாடை என்று என் சைக்கிளில் ஒரு தடவைகூட ஏறாதவள். அபாயாவை ஒதுக்கிக்கொண்டு, குடையைப் பிடித்தபடி மீன் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"போங்க," என்றாள்.

பிடியை அமுக்கினேன். எஞ்சின் இழுத்துப் பிடித்து இருமியது, பிறகு தள்ளியது. மெதுவாக, நடக்கிற வேகத்தில், ஒரு வழுக்கல் இல்லாமல் ஏறினோம். ஸுபைதா தாத்தா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர், இந்தத் தடவை சிரிக்கவில்லை, வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அன்று என் மனைவியைப் பற்றி இருந்த பெருமையை மாத்தளை முழுக்கப் பங்கு போட்டாலும் மிச்சம் இருந்திருக்கும்.

உச்சியில் எஞ்சினை நிறுத்தினேன். மழை விட்டிருந்தது. அவள் இறங்கி வந்து, தெருவில் நிற்கிறோம் என்று பாராமல் உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்தாள்.

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

நான் சொன்னதை அவள் நம்பவில்லை. கையை எடுக்காமல் நின்றாள், அவளுக்குத் திருப்தி வரும்வரை. பிறகு அபாயாவை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"நாளைக்குப் போய் எல்லாத்தையும் வித்துத் தொலைக்காம," என்றாள், "நம்மட வீட்டுக்கு ஒரு பாரை மிச்சம் வெச்சுட்டு வாங்க."