கால் எட்டும் இடம்

சம்பத் இறந்து ஆறு மணி நேரமும், புது மோட்டார் பைக் வீட்டுக்கு வந்து பதினோரு நாளும் ஆகியிருந்தபோது, அவருடைய மச்சினன் நாகேந்திரன் வண்டிச் சாவியைத் தேடி பீரோவைக் கலைத்துக்கொண்டிருந்தார். சாவி மகள் சித்ராவின் சுடிதார் பாக்கெட்டில் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். அவளை யாரும் கேட்கவில்லை.

கூடத்தில் குளிர்பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். ஐந்தடி இரண்டங்குலம். எல்லாருக்கும் பொதுவாகச் செய்த பெட்டி. அவர் காலுக்குக் கீழே ஒரு முழம் இடம் மிச்சமிருந்தது.

அம்மா பூங்காவனம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்து பேச்சு மட்டும் மிச்சமிருந்தது. வருகிற ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். "ஆசப்பட்டா வாங்கிக்கயேன்னு நான்தான் சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். மலை மாதிரி வண்டி. தெனம் அத்த ஓட்டி ஓட்டியே நெஞ்சு உட்டுப்போச்சு மனுசனுக்கு."

டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார். சர்க்கரையும் பிரஷரும் பத்து வருஷமாக இருந்தன. அதெல்லாம் அம்மாவுக்குப் பொருட்டாக இல்லை. நேற்று சாயங்காலம் தோள் வலிக்கிறது என்று அவர் சொன்னதும், வண்டியின் எடை நூற்றுத் தொண்ணூற்றெட்டு கிலோ என்பதும் அவளுக்குப் போதுமாக இருந்தன.

நாகேந்திரன் பீரோவை மூடிவிட்டு வந்தார். மூன்று மணிக்கு எடுப்பது, அதற்குள் வண்டி வாசலில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். பூந்தமல்லியில் ஒருவரிடம் பேசியும் விட்டார். இரண்டு மணிக்கு ஆள் வரும்.

"வந்து பதினோரு நாள்ல ஆளத் தூக்கிட்ச்சி. இத்த ஊட்ல வெச்சிக்கினு இன்னாக்கா பண்ணப் போற?" என்றார்.

"எட்துகினு போவ சொல்லு. என் கண்ணுல படக்கூடாது," என்றாள் அம்மா.

சித்ரா கதவோரம் நின்றாள். சொல்வதற்கு அவளிடம் ஒரே ஒரு விஷயம் இருந்தது. சொன்னால் அம்மாவின் நெஞ்சிலிருக்கும் கல் இறங்கும். வண்டியும் தப்பிக்கும். ஆனால் சொல்ல மாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதுவும் கையில் இட்லியோடு, சிரித்துக்கொண்டே.

முப்பத்துநான்கு வருஷம் சம்பத் நெமிலிச்சேரியில் ரயிலேறி அம்பத்தூரில் இறங்கினார். அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. எதிர் பிளாட்பாரத்து ரயில்கள் திருவள்ளூர், அரக்கோணம், திருத்தணி என்று போகும். கல்யாணம் காட்சிக்குத் தவிர அவற்றில் அவர் ஏறியதில்லை. ரிட்டையர் ஆனதும் மேற்கே போகிற ரோடு எல்லாவற்றையும் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். அதற்காக வாங்கியதுதான் இந்த வண்டி. முன்னால் கண்ணாடி, இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, மலையேறுகிற டயர். தெருவில் வந்து நின்றபோது ஒட்டகம் வந்து நின்ற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஆரத்தித் தட்டோடு எதிரில் நின்று, எந்த இடத்தில் பொட்டு வைப்பது என்று தெரியாமல் ஹெட்லைட்டுக்கு வைத்தாள்.

ஷோரூமில் அவர் ஏறி உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு பையன்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கும் ஷோரூம் ஆளே ஓட்டிவந்து விட்டுவிட்டுப் போனான். அதனால் அந்தச் சங்கதி மறுநாள் காலைவரை யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, சித்ராவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். வாசற்படியில் காலை ஊன்றி ஏறியதால் கிளம்புவதில் சிரமமில்லை. அதற்கு முன் அரை மணி நேரம் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஷோரூமுக்கு போன் போட்டு, தூக்கத்திலிருந்த ஆளை எழுப்பி, வலது கைப்பிடியில் இருக்கும் சிவப்பு ஸ்விட்சை மேலே தள்ளவேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். கீழே தள்ளினால் இன்ஜின் செத்துவிடும். நானூறு அடி ரோடு என்கிற வெளிவட்டச் சாலையின் பாலத்துக்குக் கீழே ஓர் ஆடு குறுக்கே வந்தது. அப்பா பிரேக் போட்டார். இடது காலை நீட்டித் தரையைத் தேடினார். தரை இல்லை.

வண்டி அவசரமே இல்லாமல் சாய்ந்தது. இருவரும் அதோடு சேர்ந்து மெதுவாகப் படுத்தார்கள். ஆடு நின்று பார்த்தது. முதலில் சிரித்தது அப்பாதான். மண்ணில் கிடந்தபடியே, "எனுக்கு எட்டலடீ," என்றார்.

சித்ரா போனில் வீடியோ பார்த்து, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, பின்பக்கமாகவே அடி வைத்து அதைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன.

அவள் ஐந்தடி பத்தங்குலம். அந்த உயரத்தால் நான்கு வரன் தட்டிப்போயிருந்தது. போட்டோவுக்கு உட்கார்ந்துதான் இருக்கவேண்டும், வருகிறவர்கள் முன்னால் முதுகை வளைத்து நிற்கவேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாள். அம்பத்தூரில் அவள் வேலை செய்யும் பெயின்ட் கம்பெனி லேபில்கூட மேஜைகள் குள்ளம். இருபத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு பொருள் அவள் அளவுக்குச் செய்யப்பட்டிருந்தது. அப்பாவின் பழைய கியர் வண்டியை காலேஜ் நாளிலிருந்தே ஓட்டியவள். இரண்டாவது கியர் விழுந்தபோது பின்னால் அப்பா விசிலடித்தார்.

அன்றிலிருந்து ஏற்பாடு இதுதான். வாசலிலிருந்து பாலம்வரை அப்பா ஓட்டுவார். நேர்த்தெரு, நிற்கவேண்டியதில்லை. பாலத்தின் கீழே உயரமான சிமென்ட் கட்டை ஒன்று இருந்தது. அங்கே காலை ஊன்றி இறங்கிக்கொள்வார். அதற்கப்புறம் சித்ரா. திரும்பும்போது கட்டையில் மாற்றிக்கொண்டு, வீட்டு வாசற்படியை ஒட்டி இம்மி பிசகாமல் கொண்டுவந்து நிறுத்துவார். தினமும் அதே இடத்தில் எப்படி நிறுத்துகிறார் பார் என்று தெருவே மெச்சியது. வேறெங்கு நிறுத்தினாலும் அவரால் இறங்க முடியாது.

திருநின்றவூர் ஏரி, திருவள்ளூர், பூண்டி, ஊத்துக்கோட்டை. எட்டு மணிக்குள் திரும்பி, குளித்து, அவள் வேலைக்கு ரயில் பிடிப்பாள். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு இன்ஜின் ஐயாயிரம் சுற்றைத் தாண்டக் கூடாது. அவள் முதுகு மறைப்பதால் மீட்டர் தெரியாமல், "எவ்ளோ காட்டுது? எவ்ளோ காட்டுது?" என்று பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வருவார். எதிரில் ஒன்றும் தெரியவில்லையே என்று அவள் வருத்தப்பட்டபோது, "முப்பத்துநாலு வருசம் ரயில்ல ஜன்னலோரம். சைடுல பாத்தே பயகிட்ச்சி," என்றார். நான்காவது நாளிலிருந்து பாட ஆரம்பித்தார். சுருதி, தாளம் இரண்டும் கிடையாது. இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்கிற தைரியம். காதோரமாக இருந்ததால் அவளுக்கு மட்டும் கேட்கும்.

பூண்டியில் இட்லி தின்னும்போதுதான் அந்த வாக்கை வாங்கினார். "யார் கைலயும் சொல்லாத. முக்கியமா இஸ்மாயில் கைல. ரயில் செட்டு முய்க்க சிரிப்பானுங்க. அடுத்த மாசம் சீட்டக் கொறச்சிகினு நானே ஓட்றேன்." பிறகு வண்டிமேல் ஏறி உட்கார்ந்து, இடுப்புக்கு மேலே மட்டும் விழுகிறமாதிரி போட்டோ எடுக்கச் சொன்னார்.

அந்த போட்டோக்களைத்தான் இப்போது இஸ்மாயில் பாய் வாசலில் நின்று போனில் காட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ஒரே ரயில் பெட்டியில் அப்பாவோடு போய் வந்தவர். பூண்டி அணை, ஊத்துக்கோட்டை பாலம், எங்கோ ஒரு மாந்தோப்பு. எல்லாவற்றிலும் அப்பா மார்பை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றிலும் கால் இல்லை. "குதிர மேல ராஜா மாதிரி கீறாரு பாரு அண்ணாத்தே," என்று சொல்லி பாய் மூக்கை உறிஞ்சினார்.

ஒரு மணிக்கு நாகேந்திரனுக்குச் சாவி நினைவு மறுபடி வந்தது. சித்ரா எடுத்துக் கொடுத்தாள். அவர் அந்த உயரத்துக்குக் காலைத் தூக்க முடியாமல் படியிலேறிப் போய் உட்கார்ந்தார். ஹாண்டில் பூட்டை எடுத்தார். மீட்டரில் விளக்குகளெல்லாம் எரிந்தன. பட்டனை அமுக்கினார். ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினார். இறங்கி, வண்டியைச் சுற்றிவந்து, பெட்ரோல் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். மறுபடி ஏறினார்.

"நேத்து வரைக்கும் ஓடினுதான இருந்துது?"

"காலைல கூட சத்தம் கேட்டுதே," என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள்.

இளவட்டங்களெல்லாம் வேலைக்குப் போயிருந்த புதன்கிழமை. நின்றவர்கள் எல்லாருமே வயசானவர்கள். இஸ்மாயில் பாய்தான் மெல்லிய குரலில் சொன்னார். "ஓட்னவரு பூட்டாருன்னு அதுக்குத் தெரிஞ்சிகீது."

அவ்வளவுதான். வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஓவென்று ஆரம்பித்தார்கள். உயிரில்லாத இரும்புக்கு இருக்கிற பாசம் இந்தக் காலத்தில் பெற்ற பிள்ளைக்கு இருக்குமா என்று ஒருத்தி ராகமிழுத்தாள். மேளக்காரர்கள் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவந்தார்கள். யாரோ டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பாய் கற்பூரம் வாங்கிவர ஆள் அனுப்பினார். நாகேந்திரன் இறங்கி நின்று, சற்றுத் தயங்கி, செருப்பைக் கழற்றினார்.

சித்ராவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார் என்று தோன்றியதும் கண்ணில் நீரும் வந்தது.

அந்தச் சிவப்பு ஸ்விட்சைக் கீழே தள்ளியது அவள்தான். காலையில் அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேறவிட்டு, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து அலுமினியப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட் எடுக்க அவள் உள்ளே போய்வந்தது நான்கு நிமிஷம். அப்பா பெட்டிமேல் தலைசாய்த்திருந்தார். துணி கையிலேயே இருந்தது. அவள் கூப்பிட்டது இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாள். அதனால் முதலில் அதை அணைத்தாள். பிறகு கூப்பிட்டாள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. வண்டி அழுகிறது என்று யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். "அது இன்னாத்துக்கு அய்யணும்? அதான கொன்னுட்ச்சி. நான்தான வாங்கிக்கோன்னேன்," என்றாள். குரலில் இப்போது அழுகைகூட இல்லை. கணக்கு முடிந்துவிட்டவள் பேசுகிறமாதிரி இருந்தது.

சித்ரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். "கொஞ்சம் தள்ளிக்கங்க மாமா," என்றாள். அவள் அவரிடம் அப்படிச் சொல்வது அதுதான் முதல் தடவை. அவர் தள்ளிக்கொண்டார்.

படியைத் தொடாமல் தரையிலிருந்தே காலை வீசி ஏறினாள். இரண்டு பாதத்தையும் ஊன்றினாள். முதுகு தானாக நிமிர்ந்தது. கட்டைவிரலால் சிவப்பு ஸ்விட்சை மேலே தள்ளிவிட்டு பட்டனை அமுக்கினாள்.

வண்டி ஒரே தடவையில் எழுந்தது. சத்தம் சந்து முழுக்க நிறைந்தது. பெண்கள் பாதி ராகத்தில் நின்றார்கள். கற்பூரத்தோடு வந்தவர் அதை யாருக்குக் காட்டுவது என்று விழித்தார். பக்கத்து வீட்டு அம்மாள்தான் முதலில் கையைக் கன்னத்தில் வைத்தாள். பெற்ற பெண் தொட்டதும் உயிர் வந்துவிட்டதே என்று அவள் கத்த, கதை அந்த நிமிஷத்திலிருந்து அப்படி ஆகிவிட்டது. மேளக்காரர்களில் ஒருவர் கொட்டில் ஒரு தட்டு தட்டினார். யாரும் தடுக்கவில்லை. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சத்தம் கேட்டு பூங்காவனம் எழுந்து வந்தாள். அப்பா கால் ஊன்றுகிற அதே படியில் நின்றாள். அங்கே நின்றால்தான் அவள் முகம் மகளின் காதுக்கு நேராக வந்தது. வண்டியைப் பார்க்கவில்லை. சித்ராவின் கால்களைப் பார்த்தாள். தரையில் பதிந்திருந்த பாதங்களையும், லேசாக மடிந்திருந்த முட்டியையும் பார்த்தாள். பிறகு தான் நிற்கும் படியைக் குனிந்து பார்த்தாள்.

"உனுக்கு எப்டிடீ தெரியும் இது?"

நான்கு எட்டு தள்ளி இஸ்மாயில் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். சித்ரா அவரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினாள். சத்தம் ஏறியது. அப்பா பாடினால் காதோரம் இருப்பவரைத் தவிர யாருக்கும் கேட்காத அளவுக்கு அது வந்ததும், அம்மாவின் பக்கம் திரும்பி வாய்விட்டுச் சொன்னாள்.

"அப்பாக்கு கால் எட்டலம்மா. இத்தன நாளும் நான்தான் ஓட்னேன். அவரு பின்னாடி உக்காந்து பாடிகினு வந்தாரு."