அப்பா பெயருக்கு முன்னால் ஒரு திரு

சபாபதி முதலியாரின் புடவைக் கடைக்கு மருமகள் இளவரசி உருவாக்கிய இணையதளம் நேற்றுவரை தகவல் சேமிப்பான டேட்டாபேஸிலிருந்து புடவைப் படங்களை எடுத்துக் காட்டியது. இன்று பெங்களூரிலிருந்து வந்த கல்யாண வீட்டார் எதிரில் ‘அனுமதி இல்லை’ என்று மட்டும் வந்து நின்றது.

“மானம் போச்சும்மா. இனிமே வெளியாள் பாத்துக்கட்டும்” என்று சபாபதி முதலியார் எல்லார் முன்னிலையிலும் அவளைக் கடிந்துகொண்டார்.

இளவரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தாள். “பாஸ்வேர்டு சரியாத்தான் இருக்குது மாமா. டேட்டாபேஸ் உள்ள நுழையறதுக்கு நான் பதிஞ்ச பேரு நல்லதம்பி. வெப்சைட் ஃபைல்ல திரு நல்லதம்பின்னு இருக்குது. ரெண்டும் ஒண்ணா இல்லன்னா உள்ள விடாது.”

சபாபதி திரையை எட்டிப் பார்த்தார். காலையில் கணினியைத் திறந்தவர், அதில் மூடாமல் இருந்த ஃபைலில், கடையை ஆரம்பித்த தம் அப்பா நல்லதம்பியின் பெயர் மொட்டையாகக் கிடப்பதைப் பொறுக்காமல், ஒற்றை விரலால் திரு சேர்த்திருந்தார்.

“கடைப் பசங்க யாராவது தட்டியிருப்பாங்கப்பா” என்றான் மகன் ஜெயக்குமார்.

தப்பிக்க வழி கிடைத்தும், சபாபதி எழுந்து நின்றார்.

“பசங்க இல்ல, நான்தான். தப்பு என்னுது, பேச்சு வாங்கினது இந்தப் பொண்ணு.” பிறகு கல்யாண வீட்டார் பார்க்க, ஒற்றை விரலால் அந்தத் திருவைத் தாமே அழித்தார்.

“இப்ப பாரும்மா. வெளியாள் வேணாம்.”