போகாமல் தங்கிய சுடலைக் குயில்

ஆகஸ்டில் பக்கவாதம் வந்ததிலிருந்து ஹமீதுக்குப் பேச்சு சிக்கிக்கொண்டது. கை கால் ஓரளவு தேறிவிட்டது. சொல் மட்டும் தொண்டை வரை வந்து நின்றுவிடும். முப்பது வருஷம் பாத்திரக் கடையில் மூன்று பாஷையில் வாய் ஓயாமல் வியாபாரம் செய்தவர். இப்போது யார் என்ன கேட்டாலும் மனைவி அனீசா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள். அவர் திணறுவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்காது.

டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். தினமும் காலையில், வீடு இருக்கும் கோந்த்வாவுக்குப் பின்னால், மராத்திக்காரர்கள் டேக்டி என்று சொல்லும் மேட்டில் இருவரும் ஏறுவார்கள். சின்னக் குன்றுதான். ஆனாலும் ஐம்பது அடிக்கு ஒருதரம் அவர் உட்கார வேண்டும்.

நவம்பர் கடைசி ஞாயிறு. குளிர் அன்றுதான் முதல்முறையாகக் காதைக் கடித்தது. கருவேல மரத்தடியில் அவர்கள் உட்கார்ந்திருந்தபோது, கழுத்தில் பைனாகுலர் தொங்க ஒரு அம்மாள் மேலே வந்தார். இவர்கள் பேசிய தமிழ் காதில் விழுந்ததும் நின்றுவிட்டார். பெயர் ஆனந்தவல்லி, பேங்கில் ரிட்டையர் ஆனவர், ஊரின் மறுகோடியில் இருக்கும் விஷ்ராந்த்வாடியிலிருந்து வந்திருந்தார்.

"சுடலைக் குயில்னு ஒண்ணு. மழையோட ஆப்பிரிக்காவுலேர்ந்து வரும், அக்டோபர்லயே திரும்பிப் போயிடணும். ஒண்ணு இன்னும் இங்கயே சுத்துதுன்னு யாரோ சொன்னாங்க. கறுப்பு வெள்ளையா, கொண்டையோட, ஏதாவது பார்த்தீங்களா?"

ஹமீதின் உதடு அசைந்தது.

"நாங்க என்னத்தக் கண்டோம்?" என்று அனீசா தொடங்கினாள். "இவுகளுக்கு ஒடம்பு சரியில்லாம..."

"அவர் ஏதோ சொல்ல வர்றார்மா. சொல்லட்டும்."

ஆனந்தவல்லி எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். வாட்சைப் பார்க்கவில்லை, தலையாட்டி ஊக்கப்படுத்தவும் இல்லை. சும்மா இருந்தார். அனீசா முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கறுப்பு... இல்ல," என்றார் ஹமீது. நெற்றியில் வேர்த்தது. "பழுப்பு. கொண்டை... சின்னது. கீழ, வேலி. கம்... கம்பளிப்பூச்சி திங்கிது. நாலு நாளா."

ஆனந்தவல்லி சடக்கென்று எழுந்துவிட்டார். "ஐயோ, குஞ்சு! அதான் பழுப்பு. கம்பளிப்பூச்சின்னா அதுக்கு உசிரு. வாங்க சார், காட்டுங்க!"

நாலு நாளாக அவர் அந்த வேலியையே வெறித்துக்கொண்டிருந்தது அனீசாவுக்குத் தெரியும். புத்தி எங்கோ போகிறது என்று பயந்து, அவர் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்திருக்கிறாள். அதை நினைத்ததும் அவளுக்குக் கூசிப்போனது.

வேலியோரம் இருபது நிமிஷம் காத்திருந்தார்கள். தவிட்டுக்குருவிகள் கத்திக்கொண்டு பறந்தன. பிறகு புதருக்குள்ளிருந்து நீண்ட வாலோடு அது வந்து கம்பியில் உட்கார்ந்தது.

ஆனந்தவல்லி பைனாகுலரை முதலில் ஹமீதிடம்தான் நீட்டினார். "இந்த மழைக்குப் பொறந்தது. பெரிய பறவையெல்லாம் கடல் தாண்டிப் போயாச்சு, இது மட்டும் தங்கிடுச்சு." நோட்டை எடுத்தார். "கண்டுபிடிச்சவர் பேர் எழுதணும். சொல்லுங்க."

இந்தமுறை அனீசா வாயைத் திறக்கவில்லை.

"ஹ... ஹமீது."

கிளம்பும்போது அனீசா ஆனந்தவல்லியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அல்லா உங்கள நல்லா வைக்கணும்க்கா."

"நான்தான்மா நன்றி சொல்லணும். அவசரமா நடக்கிறவங்க கண்ணுக்கு இது படாது." நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, தன் போன் நம்பரை எழுதி ஹமீதிடம் கொடுத்தார். "இது கிளம்பிப் போனா எனக்குச் சொல்லுங்க சார்."

வெள்ளிக்கிழமை கம்பியில் பறவை இல்லை. சனிக்கிழமையும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஹமீது தானே போனை எடுத்து ஆனந்தவல்லியைக் கூப்பிட்டார்.

"குயில்... காணோம். போயி... போயிருச்சு."

அடுக்களையில் குக்கர் விசில் அடிக்கப் பார்த்தது. அனீசா ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.