துரைக்கு எடுத்த ஆலாத்தி

ஹார்கிரீவ் துரை பதுளையில் நீதவானாகவும் அரசாங்கக் கச்சேரி அதிகாரியாகவும் இத்தனை காலம் இருந்து கிழித்தது என்ன? தோட்டத்தை விட்டு ஓடியவர்களைப் பிடித்து மறியல் வீட்டில் அடைத்தார். தன் பெயரில் ஒரு பாலம் கட்டினார்; அது முதல் மழையிலேயே ஆற்றோடு போனது. அப்புறம் சண்டை வந்தது. காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு எகிப்துக்குக் கப்பலேறி, மேஜரும் ஆகிவிட்டார். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இவரிடம் ஆடையே முக்கால்.

போகும்போது தன் குதிரையையும், அதைப் பார்த்துக்கொள்ளப் பூனாகலைத் தோட்டத்து நல்லையாவையும் கூட்டிப்போனார். நல்லையாவின் பெண்சாதி இராக்கம்மா. துரை எக்கேடு கெட்டால் அவளுக்கென்ன? அவள் புருஷனைப் பற்றித்தான் சண்டை முடிந்தும் ஒரு தகவலும் இல்லை. துரை திரும்பி வருகிறார், கச்சேரி வாசலில் வரவேற்பு என்று கேள்விப்பட்டதும் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

"புருசன் தொரையோட திரும்பி வர்ற நேரம். ஒன்னவிட ராசியான சுமங்கலி யாரு இருக்கா? நீயே ஆலாத்தி எடு" என்று தோட்டத்துப் பெரிய கங்காணி தட்டை அவள் கையில் கொடுத்தார்.

மோட்டார் வண்டியிலிருந்து துரை மட்டும் இறங்கினார். சாமான் ஏற்றிய வண்டியில் புருஷன் பின்னால் வருவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, இராக்கம்மா தட்டைச் சுற்றித் துரையின் நெற்றியில் பொட்டும் வைத்தாள். கண் மட்டும் பாதையிலேயே இருந்தது.

துரை பேசினார். கச்சேரித் துவிபாஷி வீரசிங்கம் அதைத் தமிழில் சொன்னார். பேச்சு முழுக்கக் குதிரைதான். அதன் பெயர் டெய்சியாம், பிஸ்கட் என்றால் உயிராம். குண்டு விழுந்து செத்ததாம். பாலைவனத்தில் அதற்குக் கல் நட்டுப் பெயர் வெட்டினாராம். சொல்லும்போதே துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடேயப்பா, என்ன இளகின மனசு!

"ஐயா, குதிரைய பாத்துக்கிட்ட ஆளு எங்கன்னு கேளுங்க" என்றாள் இராக்கம்மா.

வீரசிங்கம் கேட்டார். துரை நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பெயர் நினைவுக்கு வரவில்லை போலும். ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

வீரசிங்கம் இராக்கம்மா பக்கம் திரும்பினார். "கடிவாளத்தப் புடிச்சிருந்த ஆளும் அதே குண்டுல போயிட்டாராம்மா. ரெண்டு வருசமாச்சாம்."

இராக்கம்மா இரண்டு வருஷமாக, செத்தவனுக்காகப் பொட்டு வைத்திருக்கிறாள், பூ முடித்திருக்கிறாள். சொல்ல ஒரு நாதி இல்லை.

பெரிய கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். "தாலி அறுத்தவ கையாலயா தொரைக்கு ஆலாத்தி எடுத்தோம்? தொரைக்கு என்னமும் ஆயிட்டா? வேற பொம்பளைய கூப்புடுங்கடா, மறுபடி சுத்தட்டும்."

இராக்கம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பயப்படாதீங்க கங்காணி. தொரைக்கு ஒண்ணும் ஆவாது. அவருக்குப் பக்கத்துல நிக்கிறவங்களுக்குத்தான் ஆவும்."

சொல்லிவிட்டு, தட்டிலிருந்த சிவந்த நீரைத் துரையின் கால் சப்பாத்து மேலேயே ஊற்றினாள். அதுவும் சடங்கு என்று நினைத்துத் துரை சிரித்துத் தலையாட்டினார். பெரிய கங்காணி மட்டும் துரையை விட்டு நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.