முப்பத்தேழு சென்டிமீட்டர்

தலைமையாசிரியை பிரேமலதா பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது வளவன் பலகையில் வட்டம் போட்டு முடித்திருந்தான். பெரிய மரக் காம்பஸோடு அவன் மல்லுக்கட்டியதை அவர் பார்க்கவில்லை என்பதில் அவனுக்கு ஓர் அற்ப சந்தோஷம். அதன் திருகு லூஸ். ஸ்ரீரங்கத்தில் அந்தப் பள்ளியை ஆரம்பித்த நாளிலிருந்தே லூஸ் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

அவர் சும்மா வரவில்லை. வளவனுடைய தற்காலிக வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. "நாளைக்கு உங்க கிளாஸைப் பாத்துட்டுத்தான் பெர்மனென்ட்டுக்கு எழுதணும் சார். மெக்கானிக்கல் படிச்சவருக்கு ஸ்கூல் கணக்கு சரிப்படுமான்னு மேல கேக்குறாங்க" என்று நேற்றே சொல்லியிருந்தார். முசிறியில் வாழை போட்டு அவனை இன்ஜினியராக்கிய அப்பா இதே கேள்வியை இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த வேலையும் போனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

கணக்கு எளியதுதான். மூன்று சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம். மையத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி. அங்கிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்து நீளத்தை அளக்க வேண்டும். நான்கு வர வேண்டும். பலகையில் எல்லாமே பத்து மடங்கு, ஆகவே நாற்பது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், கோடு போடுவதற்கு முன்பே பாதிப் பேர் நோட்டில் நான்கு என்று எழுதி வைத்துவிட்டார்கள். வளவன் பலகையில் தொடுகோட்டை இழுத்தான்.

"ஆனந்தவள்ளி, வந்து அளந்து சொல்லும்மா."

முதல் பெஞ்சுப் பெண் எழுந்து வந்து மீட்டர் ஸ்கேலைக் கோட்டின் மேல் வைத்தாள். சரியாக வைத்திருக்கிறோமா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"முப்பத்தேழு வருது சார்."

வளவனின் கை அதற்குள் 'நீளம் = 4 செ.மீ.' என்று எழுதிவிட்டது.

அது பழகிய கை. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் மூன்று வருடம் தகடுகளின் கனத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட கை. கருவி பதினொரு மில்லிமீட்டர் காட்டும். ரிப்போர்ட்டில் பன்னிரண்டு ஏறும். "டிராயிங்ல என்ன இருக்கோ அதை எழுதுங்க தம்பி" என்று முதலாளி பெரியண்ணன் முதல் தடவை சொன்னது திட்டிக்கூட அல்ல, டீ வாங்கிக் கொடுத்துத்தான். பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே ஒரு பக்கம் முழுக்கப் பன்னிரண்டு எழுதியிருந்ததைப் பார்த்தான். தன்மேலேயே அருவருப்பு வந்தது. அந்த வாரம்தான் பி.எட். விண்ணப்பம் வாங்கினான்.

ஆனந்தவள்ளி ஸ்கேலை எடுக்கவில்லை. பலகையில் அவன் எழுதியதைப் பார்த்தாள், தன் விரல் நிற்கும் இடத்தைப் பார்த்தாள்.

"நான்தான் தப்பா வெச்சுட்டேனா சார்?"

அவள் குரல் கம்மிவிட்டது. ஆமாம் என்று சொன்னால் போதும், நம்பிவிடுவாள். கடைசி பெஞ்சில் பேனா எழுதுவது நின்றது. வளவன் உள்ளங்கையாலேயே அந்த நான்கை அழித்தான்.

"நீ சரியாத்தாம்மா வெச்சிருக்க. காம்பஸ் விரிஞ்சிடுச்சு, வட்டம் பெருசாப் போச்சு. நான் பாக்காம விட்டுட்டேன்." அழித்த இடத்தில் 3.7 என்று எழுதினான். "உங்க நோட்டுல என்ன வருதோ அதை எழுதுங்க. நாலு வரலைன்னா எங்க தப்பாச்சுன்னு சேந்து தேடலாம்."

அங்கொன்று இங்கொன்றாக ரப்பர் தேய்க்கும் சத்தம். ஆனந்தவள்ளி இப்போதுதான் ஸ்கேலிலிருந்து விரலை எடுத்தாள்.

வளவன் தயங்கித் தயங்கிக் கடைசி பெஞ்சைப் பார்த்தான். பிரேமலதா தான் எழுதிக்கொண்டிருந்த தாளை மூடி வைத்திருந்தார். பக்கத்துப் பெண்ணின் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துக் குனிந்தார்.