இப்போது யாரும் எடுக்க மாட்டார்கள்

1

நான் வேலை பார்த்த ஆபீசில், பயிற்சிக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண் ஒருநாள் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினாள். ஊர் முழுக்கப் பத்தாயிரம் பேர் ஒரே நொடியில் போனைக் கீழே வைத்தார்கள். வைத்த சத்தம் எங்கள் மாடி வரைக்கும் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேசைமேல் இருந்த என் டீ, கோப்பையோடு சேர்ந்து ஒரு விரற்கடை நகர்ந்தது.

நீங்கள் நம்பவில்லை. பரவாயில்லை, கீழ் வீட்டுக்காரரும் நம்பவில்லை. இந்தக் கதையே அவரால்தான் பிறந்தது. என் பேரப்பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்டுவிட்டு, "அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைய்யா. பிள்ளைங்ககிட்ட ஏன் புளுகுறே?" என்றார். அவர் வேறு யாருமல்ல, அந்த ஆபீசில் எங்கள் மேனேஜர். ரிட்டயர் ஆன பிறகும் நான் அவரை 'சார்' என்கிறேன், அவர் என்னை 'யோவ்' என்கிறார். பென்ஷன் வந்தும் பதவி போகவில்லை.

வாயால் சொன்னால் மறுக்கிறார். எழுத்தில் வந்தால் மறுக்க மாட்டார். வேலை பார்த்த காலமெல்லாம் எழுத்தில் வந்ததற்கு மட்டுமே பயந்த மனிதர். அதனால் எழுதுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'இளஞ்சூரியனின் கதிர்கள் அலுவலகப் படிகளைத் தழுவிய அந்தப் பொழுதில், கனவு சுமந்த விழிகளோடு அவள்...'

அடித்துவிட்டேன். எங்கள் படிக்கட்டுக்குச் சூரியன் வந்ததே கிடையாது. ஒரு ட்யூப்லைட் இருந்தது, அதுவும் கண்ணடிக்கும்.

இரண்டாம் முயற்சி: 'அவள் பயிற்சிக்கு வந்தாள்.'

உண்மைதான். ஆனால் இவ்வளவு அடக்கமாக எழுதினால் என் உடம்புக்கு ஆகாது.

சரி, நேராகவே சொல்கிறேன். துணி துவைக்கும் மெஷின் விற்கும் கம்பெனி. நாங்கள் அதன் புகார்ப் பிரிவு. 'ஆயிரம் கைகள் உங்கள் சேவையில்' என்று விளம்பரம் செய்வார்கள். போன் எடுக்கும் கைகளை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், எட்டு. ஆளுக்கு இரண்டு, மொத்தம் நாலு பேர். நான் டெலிபோன் ஒயர் பார்க்கிறவன்.

அந்தப் பெண்ணின் படிப்பில் ஒரு விதி. ஒரு முழு வருடம் ஏதாவது ஓர் ஆபீசில் பயிற்சி. முடியும்போது கல்லூரியிலிருந்து வாத்தியார் நேரில் வந்து மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: 'பொண்ணு தேறுவாளா?' 'ஆமாம்' என்றால் பட்டம். 'இல்லை' என்றால் வேறோர் ஆபீசில், வேறோர் ட்யூப்லைட்டுக்குக் கீழே, முதலிலிருந்து இன்னொரு வருடம். கூடப் படித்தவர்கள் எல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

அவளை நாங்கள் 'தற்காலிகம்' என்று கூப்பிட்டோம்.* யார் லீவோ அவர்கள் நாற்காலியில் உட்காருவாள். எல்லோரும் வந்துவிட்டால் ஜெராக்ஸ் மெஷின்மேல் சாய்ந்து நிற்பாள்.

* முகத்துக்கு நேராகத்தான். கோபித்துக்கொள்ளவில்லை. "நிரந்தரம்னு கூப்பிட்டாதான் சார் பயம்" என்றாள்.

3

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் ஒரு சந்தேகம். கதாநாயகி என்றால் ஏதாவது செய்ய வேண்டாமா? அவள் மாதக்கணக்கில் ஒன்றுமே செய்யவில்லை. யாரும் வேலை கொடுக்கவில்லை. 'உட்காரும்மா, பாத்துக் கத்துக்கோ' என்றார்கள். உட்கார்ந்தாள், பார்த்தாள். போன் எடுக்கும் நாலு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஊராரின் அழுக்குத் துணி சமாச்சாரம் அத்தனையையும் கேட்டாள்.

[நேற்று மேனேஜர் இதுவரை படித்துவிட்டுப் பென்சிலால் ஓரத்தில் எழுதினது: 'பயிற்சித் திட்டம் முறைப்படி இருந்தது.' இருந்தது சார். அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவிதான் யாரிடம் என்று தெரியாது.]

கேட்டுக்கேட்டு அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். சனங்கள் எல்லோரும் காலையிலேயே கூப்பிடுகிறார்கள். லைன் கிடைக்காமல் காத்துக் கிடந்து கொதித்துப்போகிறார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு ஈ காக்காகூடக் கூப்பிடுவதில்லை. நாலு பேரும் நகம் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

என்னிடம்தான் சொன்னாள். "மேனேஜர்கிட்ட சொல்லும்மா" என்றேன். சொன்னாளாம். 'எழுதிக் குடு, பாக்கலாம்' என்றாராம். எழுதிக் கொடுத்தாள். பார்க்கவில்லை.

4

அப்புறம் புது டெலிபோன் சிஸ்டம் வந்தது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று கொஞ்சும் பழைய குரல் அதில் ஏறவில்லை. புதுக் குரல் கொடுக்க வேண்டிய அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மேனேஜர் அறை வாசலில் நான் நின்றேன்.

"ரெக்கார்டிங் இல்லாம ஓட்ட முடியாது சார்."

"அந்தத் தற்காலிகம் சும்மாதானே இருக்கா? அவளை விட்டு எதையாவது பேசச் சொல்லு. ரெண்டு நாளைக்குத்தானே."

"எதையாவதுன்னா, என்னத்த சார்?"

"எதையாவதுன்னா எதையாவதுதான்யா! ஒயர்க்காரனுக்கு இவ்வளவு கேள்வியா?"

அவர் சொன்னதைச் சொன்னபடியே அவளிடம் சொன்னேன். என் மொத்த உத்தியோகத்திலும் இவ்வளவு நேர்மையாக ஒரு கட்டளையை நான் நிறைவேற்றியதில்லை. அவள் கொஞ்சம் யோசித்தாள். தண்ணீர் குடித்தாள். பேசினாள்:

"வணக்கம். இங்க போன் எடுக்க மொத்தம் நாலு பேருதான் இருக்கோம். நாலு பேரும் வேற ஒருத்தர்கிட்ட பேசிட்டிருக்காங்க. இப்போ யாரும் எடுக்க மாட்டாங்க. போனை வெச்சுட்டு உங்க வேலையைப் பாருங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் கூப்பிடுங்க, உடனே எடுப்போம். மெஷின் கதவை மட்டும் இழுக்காதீங்க, உடைஞ்சிடும்."

"இருக்கோம்னு உன்னையும் சேத்துக்கிட்டியேம்மா" என்றேன்.

"சும்மா ஒரு ஆசை சார்."

5

மறுநாள் காலை, முதல் பத்தியில் சொன்னது நடந்தது. பத்தாயிரம் பேர், ஜன்னல் கண்ணாடி, டீ.

[பென்சில்: 'நூறு பேர் கூட இருக்காது.' சார், நடக்கவே இல்லை என்றீர்கள். இப்போது நூறு வரைக்கும் ஏறிவிட்டீர்கள். நானும் ஐயாயிரத்துக்கு இறங்கி வருகிறேன்.]

ஆபீசில் அப்படி ஓர் அமைதி. போன் எடுப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரிக்குக் கன்னத்தில் மச்சம் இருப்பது ஒருத்திக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மதியம் சனங்கள் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒருத்தர்கூடத் திட்டவில்லை. ஒரு பெரியவர், "கதவை இழுக்கலை, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க" என்றார்.

தலைமை ஆபீஸ் பெரிய அதிகாரி கூப்பிடும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. போனை வைத்துவிட்டு உன் வேலையைப் பார் என்று அவரிடமும் சொன்னது குரல். அடுத்து அவர் மேனேஜரின் நேர் நம்பருக்குக் கூப்பிட்டார். ஆயிரம் கைகள் என்று காசு கொடுத்து விளம்பரம் போட்டிருக்க, நாலு பேர் என்று ஊருக்கே சொன்னது யார்?

மேனேஜர் வெளியே வந்தபோது அவர் முகத்தில் துணி காயப்போடலாம், அவ்வளவு சூடு.

"யாரைக் கேட்டும்மா சொன்னே?"

"நீங்கதான் சார், எதையாவதுன்னு..."

"எதையாவதுன்னா உண்மையவா சொல்லுவாங்க? வாத்தியார் வரட்டும், பாத்துக்கறேன். இன்னொரு வருஷம் எங்கயாவது போய்ப் படிச்சுட்டு வா! யோவ், அதை அழி முதல்ல!"

அவள் ஜெராக்ஸ் மெஷின் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். நான் அழிக்கும் பித்தானைத் தேடினேன். புது சிஸ்டம் பாருங்கள். வாத்தியார் வருகிற நாள் வரைக்கும் தேடிக்கொண்டே இருந்தேன்.

6

வாத்தியார் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு மேனேஜரிடம் பேசினார், நடுவில் சாப்பிடப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் பேசினார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் வெளியே நின்றுகொண்டிருந்தாள். கையில் பை, எல்லாவற்றையும் எடுத்து வைத்த பை. கடைசியாகக் கதவு திறந்ததும் வாத்தியாரோடு படியிறங்கிப் போய்விட்டாள். ட்யூப்லைட் கண்ணடித்ததில் முகம் தெரியவில்லை. அதற்கப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை.

ஆக, முடிவு என்னிடம் இல்லை. ஆனால் கையில் பேனா இருக்கிறது.

முடிவு ஒன்று: மேனேஜர் 'தேற மாட்டாள்' என்றார். அவள் இன்னொரு வருடம்...

எழுத வரவில்லை. விட்டுவிட்டேன்.

முடிவு இரண்டு: மேனேஜர் எழுந்து நின்றார். கண்கலங்கினார். 'இவள் எங்களுக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுத்தவள். இவளைத் தேறாதவள் என்று சொல்ல நான் யார்?' என்றார். வாத்தியாரும் கண்கலங்கினார். ஜெராக்ஸ் மெஷினும் கலங்கியிருக்கும், மை தீர்ந்து போயிருந்தது.

இதைத்தான் தாளில் முடித்து அவரிடம் கொடுத்தேன். வேண்டுமானால் நீங்கள் மூன்றாவதாக ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கதை இங்கே முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

7

இன்று சாயங்காலம் படியேறி வந்தார். பென்சில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கண்கலங்கினேனாய்யா?"

"கதைக்கு அழகா இருக்கட்டுமேன்னு..."

"அடிச்சிடு. படிக்கிறவன் சிரிப்பான்."

"நடக்காத கதைதானே சார், எப்படி இருந்தா என்ன?"

தாளை மேசைமேல் வைத்தார். கீழே அவர் வீட்டில் குக்கர் சத்தம் போட்டது.

"வாத்தியார் வர்ற அன்னிக்குக் காலைல எங்க வீட்டு மெஷின் கதவு மாட்டிக்கிச்சு. நம்ம கம்பெனி மெஷின்தான். போட்டுட்டு வரவேண்டிய சட்டை உள்ளே. மேனேஜர் வீட்டு மெஷினே ரிப்பேர்னா நம்ம ஆளுங்க சிரிப்பாங்கன்னு, பேர் சொல்லாம பொது நம்பருக்குக் கூப்பிட்டேன்."

"அப்புறம்?"

"அவதான் பேசினா. வெச்சுட்டேன். ஒரு கையால கதவை இழுத்துக்கிட்டிருந்தேன்யா. அதையும் விட்டுட்டேன்."

நான் சிரிக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

"வாத்தியார் கேட்டப்ப, பதில் சொல்றேன், சாப்பிட்டுட்டு வாங்கன்னு வெளிய அனுப்பிட்டேன். அவர் போனதும் நானும் சாப்பிட்டு முடிச்சு, கதவைச் சாத்திக்கிட்டு மறுபடி கூப்பிட்டேன். உடனே எடுத்தாங்க. வீட்டுக்கு ஆளையும் அனுப்பறேன்னாங்க. வாத்தியார் திரும்பி வந்தார். தேறிட்டான்னு சொன்னேன். அவ்வளவுதான். யாரும் அழலை."

எழுந்தார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

"நடந்ததுய்யா. எழுதிக்கோ."